கடைசிச் சீட்டு வீடு

கழிமுனைக்குப்பம்
6-7-2025

காந்தாவுக்கு,

போனில் உன் பெயரை அழுத்தினால் இரண்டு மணி அடித்ததும் நின்றுபோகிறது. நீதான் நிறுத்துகிறாய் என்று தெரியாத அளவுக்கு நான் மக்கு இல்லை. தப்பித்தவறி நீ எடுத்த சமயங்களிலும் நான் ஒன்று சொல்ல, நீ ஒன்று சொல்ல, சண்டையில்தான் முடிந்தது. அதனால் எழுதுகிறேன். காகிதத்தில் பேசினால் யாரும் குறுக்கே விழ முடியாது. மரியம்மா தினமும் மீன் கூடையோடு அனுப்பம்பட்டுத் தெருவுக்கு வருகிறவள்தானே, அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். "இன்னாண்ணா, இந்த வயசுல லவ் லெட்டரா?" என்று கேட்டாள். கடிதத்தில் மீன் வாடை அடித்தால் அவளைத் திட்டு, என்னைத் திட்டாதே.

உன் அண்ணன் டீக்கடை நன்றாக நடக்கிறதா? ஸ்டேஷன் பக்கத்துக் கடை என்றால் கூட்டத்துக்குக் குறைவிருக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆகஸ்ட் பதினைந்துக்குக் கொடிமுறை நம் வீட்டுக்கு வருகிறது. இந்தக் கதையெல்லாம் உனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் ஒரு முறை எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

நாற்பத்தேழில் பொன்னேரி சந்தைக்குப் போய்வந்தவர்கள் சுதந்திரம் வந்துவிட்டது என்று சொன்னபோது, நம் குப்பத்தில் முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, சண்டை. கொடியை யார் ஏற்றுவது என்று கிழக்குத் தெருவும் மேற்குத் தெருவும் முட்டிக்கொண்டன. அப்போது ஒரு பெரியவர் சொன்னாராம்: "ஏரி எல்லாருக்கும் பொது. இன்னிக்கு இன்ன எடத்துல இன்னார் வலை போடணும்னு பாடு வெச்சிருக்கோம். கொடியும் பொதுதானே? அதுக்கும் பாடு வெச்சிடு." சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டார்கள். வருஷத்துக்கு ஒரு தலைக்கட்டு, ஒரு குடும்பம். முதல் சீட்டு அங்கமுத்துவின் தாத்தாவுக்கு. கடைசிச் சீட்டு என் தாத்தாவுக்கு. அன்றிலிருந்து நாம் கடைசிச் சீட்டு வீடு. தாத்தா போய்ச் சேர்ந்தார், நைனாவும் போய்ச் சேர்ந்தார். ஊரில் மற்ற எல்லோரும் ஏற்றிவிட்டார்கள், நாம்தான் பாக்கி.

ஆண் கயிறு இழுக்க வேண்டும், அந்த வீட்டுப் பெண் கொடியை மடித்துக் கட்ட வேண்டும். ஒருவர் இல்லையென்றாலும் முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அதுவும் உனக்குத் தெரியும்.

வருவாயா என்று கேட்கத்தான் இவ்வளவும்.

சகாதேவன்


அனுப்பம்பட்டு
10-7-2025

கடிதம் வந்தது. மீன் வாடையும் வந்தது. மரியம்மாவைத் திட்டவில்லை.

ஏழு மாதம் ஆகிறது நான் வந்து. இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். என் அண்ணன் கடையைக் கேட்டிருக்கிறீர்கள், உங்கள் தாத்தா சீட்டு எடுத்ததைச் சொல்லியிருக்கிறீர்கள். நான் சாப்பிட்டேனா, தூங்குகிறேனா என்று ஒரு வரி இல்லை. கொடி வந்ததும் காந்தா ஞாபகம் வந்துவிட்டது. காரியம் ஆகணும்னா கழுதைக் காலையும் பிடி என்பார்கள். பார்த்தீர்களா, உங்கள்மேல் இருக்கிற கோபத்தில் என்னை நானே கழுதை என்று எழுதிக்கொண்டேன்.

நான் ஏன் வந்தேன் என்று நீங்கள் யாரிடமாவது சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். அதனால் நானும் ஒரு முறை எழுதிப் பார்க்கிறேன், உங்களைப் போலவே.

மார்கழி பிறந்த சமயம் வலைக்கொட்டகையில் ஊர்க்கூட்டம். உங்களுக்குப் பிறகு ஏரியில் நம் பாடு யாருக்கு என்று பேச்சு. பொம்பளைகள் உள்ளே வரக்கூடாது, சரி, நான் கொட்டகைக்குப் பின்னால் நின்றேன். ஊரை நடத்துகிற நாட்டார் சிவசங்கர் சொன்னார், "சகாதேவன் வூடு வாரிசு இல்லாத வூடு. ஆளில்லாத வூட்டுக்குப் பாடு எதுக்கு? தம்பி மவன் ராகுல் பேர்ல எழுதிடலாம்." நீங்கள் தலையாட்டினீர்கள். ராகுலுக்குக் கொடுத்ததில் எனக்குப் பொறாமை இல்லை. அவன் நான் சோறூட்டிய பிள்ளை. ஆனால் கொடுக்கிறதுக்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? ஆளில்லாத வீடு என்று சொன்னபோது, அங்கே ஒருத்தி இருக்கிறாளே என்று வாயைத் திறந்தீர்களா? முப்பது வருஷமாக அந்த வீட்டில் விளக்கேற்றியவள் நான். எனக்கு அன்றைக்கு நான் செத்துப்போன மாதிரி இருந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினேன்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் குறை. அம்பிகா அண்ணி விருந்தாளிக்குப் போடுவது போல எனக்குச் சோறு போடுகிறாள், பாத்திரம் தேய்க்கப் போனால் கையைப் பிடித்து உட்கார வைக்கிறாள். சொந்தக்காரியை உட்கார வைக்க மாட்டார்கள், தெரியுமா உங்களுக்கு. சுற்றிலும் நெல் வயல். ராத்திரியில் ரயில் போகிற சத்தம் கேட்கும், தண்ணீர்ச் சத்தம் கேட்காது.

வருவாயா என்று கேட்டீர்கள். யார் வர வேண்டும், நானா, கொடி மடிக்க ஒரு கையா?

காந்தா


கழிமுனைக்குப்பம்
18-7-2025

காந்தாவுக்கு,

சாப்பிட்டாயா, தூங்குகிறாயா? கிண்டலுக்கு எழுதவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்கத் தெரியாமல் போய்விட்டது, அவ்வளவுதான். நான் சாப்பிடுகிறேன். காலையில் பொங்கிய சோற்றை ராத்திரிக்கும் வைத்துக்கொள்கிறேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று இன்னும் பிடிபடவில்லை.

கூட்டத்தில் நான் பேசாமல் இருந்தது வாஸ்தவம். நாட்டார் சொன்னது ஊர் வழக்கத்தில் இருக்கிற வார்த்தை. ஆம்பளைப் பிள்ளை இல்லாத எல்லா வீட்டையும் அப்படித்தான் சொல்கிறார்கள். உன்னை நினைத்துச் சொன்ன வார்த்தை இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். நீ பின்னால் நிற்கிறாய் என்றும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பேசியிருப்பேனா என்று கேட்டால், அதுவும் தெரியவில்லை. கூட்டத்தில் எழுந்தால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், நீ பார்த்ததுதானே.

ஏரி இந்த வருஷம் சரியில்லை. முகத்துவாரத்தில் மணல் ஏறிக் கிடக்கிறது. கடல்தண்ணீர் உள்ளே வந்தால்தானே இறால் வரும். போன தடவை நம் பாடு வந்தபோது நான் போட்ட வலையில் நண்டும் பாசியும்தான். திரும்பி வந்து கரையில் கூடையை இறக்கினால் "இன்னா கெடச்சுது?" என்று கேட்க ஆளில்லை. எதிர்வீட்டு நாய் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போகிறது.

கொடி விஷயம். நேற்றுத் தம்பி சின்னதம்பி வந்தான். "அண்ணி வரலன்னா வுடுண்ணா, எம் பொஞ்சாதி சரோஜா நிக்கட்டும். அவளும் நம்ம தலைக்கட்டுப் பொம்பளைதானே" என்றான். ஊரும் ஒப்புக்கொள்ளுமாம். யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த மாத முதல் ஞாயிறு ஊர்க்கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டும்.

யார் வர வேண்டும் என்று கேட்டாய். முறை மட்டும் வேண்டுமென்றால் சரோஜா போதும். இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை.

சகாதேவன்


அனுப்பம்பட்டு
27-7-2025

உங்களுக்கு,

ஒரு ஆளுக்கு அரை ஆழாக்கு போதும். தண்ணீரை அளந்து வையுங்கள். பழையதை ராத்திரியில் சாப்பிடாதீர்கள், உங்களுக்கு வயிற்றுக்கு ஆகாது.

சரோஜா நிற்பதில் எனக்கு என்ன வந்தது. நிற்கட்டும். ஆனால் அவளுக்கு முடிச்சு போடத் தெரியுமா என்று கேளுங்கள். வலை பின்னுகிற கை எதைக் கொடுத்தாலும் வலை முடிச்சுதான் போடும், இறுகுமே தவிர அவிழாது. எனக்குக் கல்யாணமாகி வந்த மறுவருஷம் மேற்குத் தெருவில் ஒருத்தி அப்படிப் போட்டுவிட்டாள், ஞாபகம் இருக்கிறதா? அவள் புருஷன் இழுக்கிறான், இழுக்கிறான், கொடி கம்பத்து உச்சியில் சோற்று மூட்டை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ஜனங்கள் ஜன கண மன பாடி முடித்துவிட்டார்கள். பிறகு ஒரு பையன் ஏறிப் பல்லால் கடித்து அவிழ்த்தான். அந்த வீட்டுக்காரி பொங்கல் வரைக்கும் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் வரவில்லை.

அன்றைக்கு ராத்திரியே உங்கள் அம்மா என்னை உட்கார வைத்து ஒரு துணியைக் கையில் கொடுத்தார்கள். "என் காலத்துல வராது. நீதான் மடிக்கப் போறே" என்றார்கள். காவி உள்ளே, பச்சை வெளியே, நடுவில் பூ, கடைசியில் ஒற்றைச் சுருக்கு. ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். நான் முதலில் போட்டதும் வலை முடிச்சுதான். கையில் ஒரு அடி வைத்தார்கள்.

பூ இன்னும் அடம்பம்பூதானே? இப்போது பொன்னேரியில் சாமந்தி வாங்கிவிடுகிறார்கள் என்று மரியம்மா சொன்னாள். அது தப்பு. முதல் வருஷம் வாங்கக் காசில்லாமல் கடற்கரை மணலில் படர்ந்திருந்ததைப் பறித்தார்கள், அதுதான் நம் ஊர் வழக்கம். விடியற்காலையில் பறித்து உடனே வைக்க வேண்டும். மத்தியானத்துக்குள் வாடிவிடும்.

கொடி அதே கதர்க் கொடியா, புதுசா? கொடி ஏற்றுகிற பாய்மரக் கம்பத்துக்கு இந்த வருஷம் எண்ணெய் பூசினார்களா?

சும்மாதான் கேட்கிறேன்.

காந்தா


கழிமுனைக்குப்பம்
3-8-2025, ஞாயிறு

காந்தாவுக்கு,

இன்றைக்குக் கூட்டம் முடிந்து நேரே வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். நான் பேசிவிட்டேன்.

நாட்டார் முறையைப் படித்தார். கடைசிச் சீட்டு வீடு, சகாதேவன் என்றார். ஊர் முழுக்கக் கைதட்டியது. நைனா இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு, "கொடி மடிக்க யாரு? சரோஜாவா?" என்றார். சின்னதம்பி ஆமாம் என்றான். யாரோ பின்னாலிருந்து, "அந்த வூட்ல வேற யாரு கீறா?" என்று சிரித்தான்.

எழுந்துவிட்டேன். என்ன பேசினேன் என்று அப்படியே எழுதுகிறேன். "எங்க வூட்ல பொம்பளை கீறா. பேரு காந்தா. இப்ப அவ அண்ணன் வூட்ல கீறா, அது எங்க ரெண்டு பேருக்குள்ள. அவ எடத்துல இன்னொருத்தர் நிக்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன். அவ கைபடாத கொடிய நான் இழுக்கவும் மாட்டேன். இனிமே எங்க வூட்ட ஆளில்லாத வூடுன்னு ஒருத்தரும் சொல்லக்கூடாது. முறை எனக்கு வேணாம். அடுத்த வூட்டுக்குக் குடுத்துடுங்க."

சின்னதம்பி என் வேட்டியைப் பிடித்து இழுத்தான், நான் உட்காரவில்லை. சீட்டு முடிந்துவிட்டதால் முறை திரும்ப முதல் வீட்டுக்குப் போகிறது. அங்கமுத்து எழுந்து, "அண்ணே, யோசிச்சுக்கோ" என்றான். யோசித்தாயிற்று என்றேன்.

டிசம்பரில் பேச வேண்டியதை ஆகஸ்டில் பேசியிருக்கிறேன். லேட்டுதான். ஆனால் பேசிவிட்டேன். நீ கொட்டகைக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கலாம் என்று இருந்தது.

இப்போதாவது நம்புகிறாயா, கொடிக்காக உன்னைக் கூப்பிடவில்லை என்று?

சகாதேவன்


அனுப்பம்பட்டு
5-8-2025

இந்தக் காகிதத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் எழுதி அடித்திருக்கிறேன், ஆனாலும் படிக்கலாம். "பதின்மூன்றாம் தேதி சாயந்தரம் பஸ்ஸில் வருகிறேன், கொடியை ஒரு நாள் முன்னால் வாங்கி வையுங்கள், கஞ்சி போட்டு மடிப்பு எடுக்க வேண்டும்" என்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை எழுதினேன். மரியம்மா திங்கட்கிழமை உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். என்னுடையது என் கையிலேயே நின்றுவிட்டது.

யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்?

வரமாட்டேன் என்று நான் எங்கேயாவது எழுதினேனா? பூவைக் கேட்டேன், கொடியைக் கேட்டேன், கம்பத்துக்கு எண்ணெய் பூசினார்களா என்று கேட்டேன். ஒரு பொம்பளை இவ்வளவும் எதற்குக் கேட்பாள்? தினம் சாயந்தரம் அண்ணன் துண்டை எடுத்து மடித்து மடித்துப் பார்த்தேன். ஒற்றைச் சுருக்குப் போட்டு ஜன்னல் கம்பியில் கட்டி இழுத்துப் பார்த்தேன். அம்பிகா அண்ணி பார்த்துச் சிரித்தாள், நானும் சிரித்தேன். இந்த வீட்டுக்கு வந்து நான் சிரித்தது அப்போதுதான்.

கடைசிச் சீட்டு உங்கள் தாத்தாவுக்கும் நைனாவுக்கும் மட்டுமா? உங்கள் அம்மா காத்திருக்கவில்லையா, நான் காத்திருக்கவில்லையா? அந்த முறையில் பாதி என்னுடையது. ஏரியில் நம் பாடு உரிமையை என்னைக் கேட்காமல் ராகுலுக்குக் கொடுத்தீர்கள். கொடியை என்னைக் கேட்காமல் அங்கமுத்து அண்ணனுக்குக் கொடுத்தீர்கள். அப்போது வாயை மூடிக்கொண்டு கொடுத்தீர்கள், இப்போது வாயைத் திறந்து கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

நீங்கள் பேசியதை மரியம்மாவும் சொன்னாள், அவள் வீட்டுக்காரர் கூட்டத்தில் இருந்தாராம். "'பேரு காந்தா'ன்னு சபையில சொன்னாரு யக்கா" என்றாள். கிணற்றடியில் போய் அழுதுவிட்டு வந்தேன். அந்த வார்த்தைக்காக எத்தனை நாள் ஏங்கினேன். அது வந்த அன்றைக்கே என் கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. சந்தோஷப்படுவதா, உங்களைச் சபிப்பதா என்று தெரியவில்லை.

காந்தா


கழிமுனைக்குப்பம்
9-8-2025

காந்தாவுக்கு,

திருப்பிப் பார்த்தேன். பல தடவை பார்த்தேன்.

நாட்டாரிடம் போய்க் கேட்டேன். "சபையில சொன்ன வார்த்தைப்பா. எடுத்துப்பேன், குடுப்பேன்னா ஊரு இன்னாத்துக்கு?" என்றார். அவர் சொல்வது நியாயம்தான். அங்கமுத்துவிடம் போக வெட்கமாக இருந்தது. அவன் மனைவி வளர்மதி புதுப் புடவை எடுத்துவிட்டாளாம்.

நான் நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். எனக்கு நல்லதே ஒழுங்காகச் செய்ய வராது போலிருக்கிறது.

சகாதேவன்


கழிமுனைக்குப்பம்
15-8-2025, சாயந்தரம்

காந்தாவுக்கு,

நீ வந்திருந்தாயா?

விடியும் முன்னாலேயே படகை எடுத்துக்கொண்டு ஏரிக்குள் போய்விட்டேன். இன்றைக்கு எனக்குப் பாடு இல்லை, வலையும் எடுத்துப் போகவில்லை. கரையில் நின்று, நம் முறையில் இன்னொருவன் கயிறு இழுப்பதைப் பார்க்க முடியாது என்று தோன்றியது. வடக்கே தீவு மறைக்கிற இடம் வரைக்கும் போய்த் துடுப்பை உள்ளே போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்படியும் ஒலிபெருக்கிச் சத்தம் தண்ணீர் மேலேயே வந்தது. ஜன கண மன கேட்டது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, ஆடுகிற படகில் எழுந்து நின்றேன். ஒரு கொக்கு தவிர யாரும் பார்க்கவில்லை. பாட்டு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன்.

பொழுது சாயத் திரும்பினேன். வாசலில் கதவுக்கு நேரே, ஏறி நிற்க வைத்த மாதிரி, குடம் கவிழ்ந்திருந்தது. சாவியை நான் கதவு நிலைமேல் வைப்பேன், அது உனக்கு எட்டாது. இப்போது சாவி தண்ணீர்த்தொட்டி மூடிக்கு அடியில் இருந்தது. நீ வைக்கிற இடம். கதவைத் திறந்து உன்னைக் கூப்பிட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

வீடு கூட்டியிருந்தது. அடுப்பில் சோறும் குழம்பும் இருந்தது. சோறு சரியாக ஒரு ஆளுக்கு. அலமாரியில் காகிதத்தில் சுற்றி இரண்டு ஆரஞ்சு மிட்டாய். கொடியேற்றிய பின் ஆளுக்கு ஒன்றுதானே கொடுப்பார்கள்.

பக்கத்தில் யாரையும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உன்னையே கேட்கிறேன். எப்போது வந்தாய், ஏன் போனாய்?

சகாதேவன்


அனுப்பம்பட்டு
19-8-2025

உங்களுக்கு,

வந்தேன். அண்ணன் கடை திறக்கிற நேரத்துக்கு முன்பே கிளம்பி, பொன்னேரியில் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். கோபம் போகவில்லை. ஆனால் அன்றைக்கு நீங்கள் கூட்டத்தில் தனியாக நிற்பீர்களே என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து நிற்கலாம், பேச வேண்டியதில்லை, நின்றால் போதும் என்று நினைத்தேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து மற்றவர்கள் ஏற்றுவதைத்தானே முப்பது வருஷம் பார்த்தோம். இன்னொரு வருஷம் பார்த்தால் என்ன.

பொம்பளைகள் பக்கம் நின்று உங்களைத் தேடினேன். காணோம். அப்போது வளர்மதி ஓடிவந்தாள். கையில் கொடி, முகமெல்லாம் வேர்வை. "யக்கா, நாலு தபா கட்டிட்டேன், நாலு தபாவும் வலை முடிச்சாவே வுழுது. நீயே மடிச்சுக் குடு யக்கா" என்றாள். உங்கள் வீட்டு முறையாயிற்றே என்றேன். "எங்க வூட்டு முறையில நான் யாரை வேணா கூப்பிடுவேன். யாரு கேப்பாங்க?" என்றாள். அங்கமுத்து அண்ணனும் தலையாட்டினார்.

சாமந்தி வாங்கி வைத்திருந்தார்கள். அதை ஒதுக்கிவிட்டு மணலுக்குப் போய் அடம்பம்பூ பறித்து வந்தேன். காவி உள்ளே, பச்சை வெளியே, நடுவில் பூ, ஒற்றைச் சுருக்கு. கையில் உங்கள் அம்மா அடித்த இடம் குறுகுறுத்தது.

கொடிக்கட்டு கம்பத்து உச்சிக்குப் போனது. அங்கமுத்து அண்ணன் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். "சகாதேவன் அண்ணன் எங்கே? மடிச்சது அவரு வூட்டுக்காரி. இழுக்கறதும் அவருதான் இழுக்கணும். கூப்பிடுங்க" என்றார். மைக்கில் உங்கள் பெயரைச் சொன்னார்கள். ராகுல் வீட்டுக்கு ஓடினான். படகுத்துறைக்கு ஓடினான். திரும்பிவந்து, "பெரிப்பா படகு இல்ல" என்றான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கிராமசபைக்குப் போக வேண்டும், நேரமாகிறது என்று யாரோ சொன்னார்கள். நாட்டார் கையைக் காட்டினார். அங்கமுத்து அண்ணன் இழுத்தார்.

ஒரே இழுப்பில் விரிந்தது. பூ அவர் தலையிலும் என் தலையிலும் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அந்த ஊரில் அவ்வளவு பேர் நடுவில் அவ்வளவு தனியாக நான் நின்றதே இல்லை.

ஒரு மிட்டாய் எனக்குக் கொடுத்தார்கள். உங்களுக்கு ஒன்று கேட்டு வாங்கினேன். இரண்டையும் உங்களுக்கே வைத்துவிட்டு வந்தேன். சமைத்து வைத்துவிட்டு, மத்தியானம் கடைசிப் பூ வாடும் வரைக்கும் வாசலில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வரவில்லை. வேண்டுமென்று மறைந்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன், பஸ் ஏறிவிட்டேன்.

காந்தா


கழிமுனைக்குப்பம்
24-8-2025

காந்தாவுக்கு,

மரியம்மா உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, படித்து முடிக்கும் வரைக்கும் தள்ளிப்போய்ப் படகோரம் நின்றாள். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

தீவு மறைப்பில் உட்கார்ந்திருந்தபோது ஒலிபெருக்கியில் ஏதோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. காற்று அடித்துக்கொண்டு போனதால் என்ன பெயர் என்று தெரியவில்லை. யாருடைய பிள்ளையோ கூட்டத்தில் தொலைந்துவிட்டது என்று நினைத்தேன். அது என் பெயர்.

என் தாத்தா, நைனா, நான், மூன்று தலைமுறை காத்திருந்து, வந்த அன்றைக்கு நான் தண்ணீருக்குள் ஒளிந்துகொண்டேன். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். நீ பக்கத்தில் வந்து நிற்க வந்தாய், அந்த இடத்தில் நான் இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

அங்கமுத்துவைப் பார்த்து நன்றி சொன்னேன். "நன்றி இருக்கட்டும், அண்ணியை இட்டுக்கினு வா" என்றான்.

மிட்டாய் ஒன்றை அன்றைக்கே தின்றேன். இன்னொன்று உன்னுடையது, டப்பாவில் இருக்கிறது. எறும்பு வராமல் தண்ணீர்க் கிண்ணத்தின் நடுவில் வைத்திருக்கிறேன்.

முதல் கடிதத்தில் நீ கேட்டாய், யார் வர வேண்டும், நானா, கொடி மடிக்க ஒரு கையா என்று. அப்போது முறை கையில் இருந்தது, நான் என்ன சொல்லியிருந்தாலும் நீ நம்பியிருக்க மாட்டாய். இப்போது முறை இல்லை. கடைசிச் சீட்டு இனி நம் காலத்தில் வராது. நம் வீட்டில் ஏற்றவும் மடிக்கவும் ஒன்றும் இல்லை. ஏரியில் இறாலும் இல்லை. ராத்திரி சோறு பொங்கிவிட்டு எதிரில் ஒரு தட்டு வைக்கிறேன், பிறகு எடுத்து வைத்துவிடுகிறேன். தனியாக இருக்க முடியவில்லை, காந்தா. நீ இல்லாத வீடுதான் ஆளில்லாத வீடு.

இப்போது கேட்கிறேன். வா.

சகாதேவன்


அனுப்பம்பட்டு
29-8-2025

உங்களுக்கு,

முந்தாநாள் விநாயகர் சதுர்த்திக்கே கிளம்பச் சொன்னாள் அண்ணி. வேண்டாம் என்றேன். விசேஷ நாளில் வந்தால் விசேஷத்துக்கு வந்ததாகிவிடும். பிறகு என்றைக்காவது சண்டை வந்தால், அதற்காகத்தானே வந்தாய் என்று நீங்களும் சொல்வீர்கள், நானும் சொல்வேன். நம் இரண்டு பேர் வாயும் எனக்குத் தெரியும்.

அண்ணன் கடைக் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். செப்டம்பர் இரண்டு, செவ்வாய்க்கிழமை. அமாவாசை இல்லை, கிருத்திகை இல்லை, முகூர்த்தம் இல்லை, அரசாங்க விடுமுறை இல்லை. அன்றைக்கு ஏரியில் உங்களுக்குப் பாடும் இல்லை என்று மரியம்மாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன். அந்தக் கட்டத்தில் தேதியைத் தவிர ஒன்றும் அச்சடிக்கவில்லை.

அன்றைக்கு வருகிறேன்.

மத்தியான பஸ்ஸில் வருவேன். எதிரே வந்து நிற்க வேண்டாம், ஊர் பார்க்கும், எனக்கு வெட்கமாக இருக்கும். இரண்டு பேருக்கு அரிசி ஒரு ஆழாக்கு. இனிமேல் எதைக் கொடுப்பதானாலும் என்னைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள், மிட்டாயாக இருந்தாலும் சரி.

சாவியை நிலைமேல் வைக்காதீர்கள், தொட்டிக்கு அடியிலும் வைக்காதீர்கள். அன்றைக்குக் கதவைப் பூட்டாமல் வீட்டிலேயே இருங்கள்.

காந்தா